புதுப்பிப்பு: விடுதிப் பின்வாசல் திறந்தாச்சு, வெள்ளத்துக்குத்தான் இன்னும் வழியில்லை

எங்கள் பாளையங்கோட்டை கல்லூரி விடுதியில் பின்வாசலை ராத்திரி பூட்டிவிடுகிறார்கள், தீயணைப்பான்களில் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில், அதாவது அழுத்தம் போதாமல், கிடக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கிற தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் அண்ணாச்சி எங்களையே தள்ளிப் பார்க்கச் சொன்னார், லேசாகத்தான் இருக்கிறது. தீயணைப்பான்களும் நிரப்பி வந்தாச்சு. ஊசியை உருவி, தீயின் அடிப்பக்கம் பார்த்து அடிக்க எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள், சமையல்கார அக்காக்களுக்கும் சேர்த்து, அதுதான் எனக்கு ரொம்ப நிறைவு.

ஆனால் 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததைப் பார்த்த பிறகும் ஜெனரேட்டர் தரையோடுதான் இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் மேடேற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை அவசர உதவிக்கான 112, ஆம்புலன்ஸுக்கான 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எல்லாம் மாடிதோறும் ஒட்டியிருக்கிறது, போனில் பதிந்துகொள்ளுங்கள்.