சுவருக்குப் பின்னால் வந்த பிறகும் சாவது எப்படி?

கடைசி வட்டம்:
நேற்று ராத்திரி பேட்டில் ராயல் கேமில் ஒரு சோலோ மேட்ச்: பாராசூட்டில் குதித்து, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை தனித்தனியாகச் சுட்டுக்கொள்வது. குதித்து 27 நிமிடம் ஆகியிருந்தது, என்னோடு சேர்த்து மிச்சம் 4 பேர். ஒரு சின்ன வீடும் முன்னால் கொஞ்சம் புல்வெளியும்தான் வட்டத்துக்குள் இருந்தன. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எதிர் மரத்தடியில் ஒருவன். இரண்டு குண்டு சுட்டுவிட்டுச் சட்டென்று உள்ளே வந்துவிட்டேன். என் திரையில் ஜன்னலே இல்லை, வெறும் சுவர். அதற்கப்புறம் செத்தேன்.

அந்த 27 நிமிடமும் மனசில் அப்படியே நிற்கிறது. முதல் 10 நிமிடம் கையில் வெறும் பிஸ்டல். ஒரு பாலத்தை ஸ்மோக் போட்டுக்கொண்டே கடந்தேன். ஒரு குளியலறையில் உட்கார்ந்து, வீட்டுக்குள் யாரோ நடக்கிற சத்தத்தை மூச்சு விடாமல் கேட்டேன். மேல் மாடியா கீழ்த் தளமா என்று கடைசிவரை தெரியவில்லை. கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. வேறு எந்த கேமும் எனக்கு இதைத் தருவதில்லை. ஒரே உயிர் என்பதால்தான் ஒவ்வொரு கதவையும் திறப்பதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதே காரணத்தால் இப்படிச் சாகும்போது தாங்க முடியவில்லை. செத்தால் 5 வினாடியில் திரும்பிவரும் கேமில் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன். பிங், அதாவது செய்தி கேமின் சர்வருக்குப் போய்வரும் நேரம், 60 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. என் நெட்டில் குறையா, எல்லோரையும் இணைக்கிற அந்தச் சர்வர் கணினியா, இல்லை கேமே இப்படித்தானா? வேறு கேம் ஆடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சர்வர்க்காரன்:
மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். நீங்கள் சுவருக்குப் பின்னால் வந்த செய்தி உங்கள் கணினியிலிருந்து சர்வருக்குப் போய், அங்கிருந்து அவனுக்குப் போக வேண்டும். அதுவரை அவன் திரையில் நீங்கள் ஜன்னலில்தான் நிற்கிறீர்கள். அவன் அந்த உருவத்தைத்தான் சுட்டான். சர்வர் நேரத்தைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, அவன் கண்ணுக்கு நீங்கள் தெரிந்தீர்களா என்று சரிபார்த்து, பட்டது என்று எழுதிவிடுகிறது. இப்படிச் செய்யாவிட்டால், ஓடுகிற எவனையும் குறி பார்த்து அடிக்கவே முடியாது.

போய்வர ஆகும் நேரம் எல்லாம் சேர்ந்து 150 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். வினாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவன் அதற்குள் 90 சென்டிமீட்டர் போய்விடுவான். ஜன்னலிலிருந்து சுவருக்கு அது போதும்.

இந்த வகை கேமில் இது அதிகம் உறுத்துவதற்குக் காரணம் ஆட்களின் எண்ணிக்கை. 100 பேர் இருந்தால் ஒவ்வொருவரின் நகர்வும் மற்ற 99 பேருக்கும் போக வேண்டும் என்பது 9,900 வழி. ஐவருக்கு ஐவர் ஆட்டத்தில் 90தான். தூரத்தில் இருப்பவர்களின் செய்தியைக் குறைத்து அனுப்பிச் சமாளிக்கிறார்கள், ஆனாலும் சுமை சுமைதான். ஐவருக்கு ஐவர் ஆடும் வேலோரன்ட் கேமின் சர்வர் வினாடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கிறது, அங்கே ஆடுவது 10 பேர். 60 பேர் ஆடும் பேட்டில் ராயல் கேமான ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸில் அது 20 முறை, அதாவது 50 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை.

பழைய பாராசூட்:
விளக்கம் சரி. ஆனால் எல்லாவற்றையும் இயற்பியல் தலையில் போட்டுவிட முடியாது. 2017 மார்ச்சில், இதே வகை கேமான பப்ஜி முன்வெளியீடாக வந்ததிலிருந்து ஆடுகிறேன். 2018 ஜனவரியில் ஸ்டீம் என்ற கணினி கேம் தளத்தில் ஒரே நேரத்தில் 30 லட்சம் பேருக்கு மேல் அதை ஆடினார்கள். குறைகள் இருந்தன, கூட்டமும் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் குறைகளைச் சரிசெய்வதற்கென்றே அந்த நிறுவனம் 'ஃபிக்ஸ் பப்ஜி' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆடுகிறவர்கள் விடாமல் கேட்டதுதான் அதற்குக் காரணம் என்பேன். அதனால் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அப்புறம், எனக்கு இதைவிட வலிப்பது புல். நீங்கள் புல்லுக்குள் படுத்திருப்பீர்கள், உங்கள் கண் முன்னால் பச்சையாக அசைந்துகொண்டிருக்கும். 300 மீட்டர் தள்ளி ஸ்கோப்பில் பார்ப்பவனுக்கு அவ்வளவு தூரத்துப் புல்லைக் கணினி வரையாது. மொட்டைத் தரையில் நீங்கள் கிடப்பதுதான் அவனுக்குத் தெரியும். ஒளிந்திருக்கிறோம் என்று நம்பித்தானே அங்கே படுக்கிறோம்? தூரத்தில் ஆள் இருக்கிறான் என்றால் புல்லை நம்பாதீர்கள், மேட்டுக்குப் பின்னால் போங்கள்.

நீலக்கோடு:
நெட் பக்கம் பார்த்தீர்களா? பிங் சராசரியாக நன்றாக இருந்தாலும், செய்தியைச் சுமந்து போகும் பாக்கெட் (தரவுத் துண்டு) இடையில் தொலைந்தால் நீங்கள் ஒதுங்கிய செய்தி இன்னும் தாமதமாகப் போகும். வைஃபையை விட்டுக் கேபிள் போடுங்கள். கேமுக்குள் பாக்கெட் லாஸ் காட்டும் செட்டிங் இருந்தால் ஆன் செய்துவிட்டு 3 மேட்ச் ஆடிப் பாருங்கள். இன்னொன்று, எட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் எப்போதும் அந்தச் சில மில்லிசெகண்ட் சாதகம். கடைசி வட்டத்தில் சுட்ட ஜன்னலிலேயே நிற்காதீர்கள். ஒரு குண்டு சுட்டதும் அடுத்த ஜன்னலுக்குப் போங்கள்.

கடைசி வட்டம்:
எல்லோருக்கும் நன்றி. கேபிள் போட்டு 6 மேட்ச் ஆடினேன். வைஃபையில் ஆடியபோது நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பாக்கெட் லாஸ் குறி சிவப்பாக வந்துகொண்டிருந்தது, அதை நான் கவனித்ததே இல்லை. இப்போது வரவில்லை. சுவருக்குப் பின்னால் செத்தது 6 மேட்சில் ஒரே ஒரு முறை. அதுவும் ஓரத்தை ஒட்டி நின்றபோது. இப்போது ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளியே நிற்கிறேன்.

90 சென்டிமீட்டர் கணக்குக்குத் தனியாக ஒரு நன்றி, சர்வர்க்காரன். ஏன் செத்தேன் என்று புரிந்துவிட்டால் அடுத்த மேட்சுக்குப் போக மனசு வருகிறது. புரியாதபோதுதான் கேமை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

மாடிக் காலடிச் சத்தம்தான் இன்னும் பிடிபடவில்லை. இடம் வலம் நன்றாகவே தெரிகிறது, மேல் கீழ் தெரிவதில்லை. ஹெட்போனில் எதையாவது மாற்ற வேண்டுமா? சரியாகக் கேட்கிறவர்கள் என்ன செட்டிங் வைத்திருக்கிறீர்கள்?