துணிப்பை விற்பனை: லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. பேஜை எப்படிச் சரிசெய்வது?

நூல்கண்டு:

வணக்கம். கையால் தைத்த தோள்பை, லேப்டாப் உறை, சின்ன பர்ஸ் இவற்றை ஆன்லைனில் விற்கிறோம். தைக்க இரண்டு பேர். படம் எடுப்பது, போஸ்ட் போடுவது, பதில் சொல்வது எல்லாம் நான். ஃபேஸ்புக்கில் என் சொந்த ஐடியின் பெயரையே கடைப் பெயராக மாற்றி வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் சாதாரணக் கணக்கு. லைக்குக்குக் குறைவில்லை, "அழகு", "சூப்பர்" என்று கமெண்டும் வருகிறது. ஆர்டர் மட்டும் அத்தி பூத்தாற்போலத்தான்.

தனியாக பேஜ் தொடங்க வேண்டுமா, இந்த ஐடியே போதுமா? வாரத்துக்கு எத்தனை போஸ்ட்? "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று போடுவது சரியா? போஸ்ட்டைக் காசுக்கு அதிகம் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனில் பணம் போட்டுப் பார்க்கலாமா? "ஷேர் செய்து மூன்று பேரை டேக் செய்தால் ஒரு பை இலவசம்" என்று போட்டி வைக்கவும் யோசனை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:

முதல் வேலை அந்த ஐடி. சொந்த ஐடியைக் கடையாக நடத்துவது ஃபேஸ்புக் விதிக்கு விரோதம். யாராவது புகார் கொடுத்தால் அடையாள அட்டை கேட்பார்கள். கடைப் பெயரில் அடையாள அட்டை ஏது? ஐடி முடங்கிவிடும், அதில் இருக்கும் படங்களும் வாடிக்கையாளர் பேச்சுகளும் அதோடு போகும். தவிர, ஐடியில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது.

அவசரப்பட்டு பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அந்த ஐடியிலிருந்தே புதுப் பேஜ் தொடங்குங்கள். பழைய படங்களில் நல்லதாகப் பத்துப் பன்னிரண்டை அங்கே ஏற்றுங்கள். பேஜ் வெறுமையாக இல்லை என்றான பிறகு ஐடியில் லிங்க் போட்டு எல்லோரையும் அழையுங்கள். அப்புறம் ஐடியை உங்கள் சொந்தப் பெயருக்குத் திருப்புங்கள். ஒருமுறை பெயர் மாற்றினால் அடுத்த 60 நாள் மாற்ற விடமாட்டார்கள். எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள்.

இன்ஸ்டாவில் செட்டிங்ஸுக்குப் போய் புரொஃபஷனல் கணக்காக மாற்றி, அதில் பிசினஸ் வகையைத் தேர்ந்தெடுத்து பேஜுடன் இணையுங்கள். செலவு கிடையாது. இணைத்துவிட்டால் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டையும் நடத்தும் நிறுவனம்) தரும் பிசினஸ் சூட் என்ற கருவியில் இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் போஸ்ட்டை நேரம் குறித்து வைக்கலாம், இரண்டு இன்பாக்ஸையும் ஒரே திரையில் பார்க்கலாம். பதில் சொல்ல நீங்கள் ஒருவரே என்பதால் இது முக்கியம். ஒரு குறை உண்டு: பிசினஸ் கணக்குக்கு சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. வேறு வழியில் பாட்டை ஒட்டிப் போட்டால் ரீல்ஸின் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள், சமயத்தில் வீடியோவே போய்விடும். மெட்டா தரும் இலவச இசைத்தொகுப்பில் எடுங்கள், அல்லது தையல் மெஷின் ஓடும் சத்தத்தையே விடுங்கள். பை விற்பதற்கு அது நன்றாகவே பொருந்தும்.

இன்ஸ்டா பெயர்க் கட்டத்தில் கடைப் பெயரை மட்டும் போடாதீர்கள். தேடலில் அந்தக் கட்டமும் சேரும் என்பதால் பெயரோடு "துணிப்பை, லேப்டாப் உறை" என்றும் சேர்த்து எழுதுங்கள். பெயருக்குக் கீழே வரும் அறிமுகமான பயோவில் 150 எழுத்துதான் இடம். என்ன செய்கிறீர்கள், எத்தனை நாளில் அனுப்புவீர்கள், எப்படி ஆர்டர் செய்வது: இந்த மூன்றுக்கும் இடம் இருக்கும். கனவு, பயணம் பற்றிய வரிகளுக்கு அங்கே இடமில்லை.

இப்போது படம். "அழகு" என்று கமெண்ட் வந்து ஆர்டர் வராததற்கு முக்கால்வாசிக் காரணம் படத்திலும், அதன் கூட எழுதும் கேப்ஷனிலும்தான் இருக்கும். பார்ப்பவர் பையைத் தொட்டுப் பார்க்க முடியாது. அளவு என்ன, உள்ளே எப்படி இருக்கும், ஜிப் வலுவா, துவைத்தால் சாயம் போகுமா என்ற சந்தேகங்களுக்கு படமே பதில் சொல்ல வேண்டும். ஒரு பைக்கு ஐந்து படம் எடுங்கள்: முழுப் பை, தோளில் மாட்டிய நிலை, லேப்டாப் உள்ளே போகும் நிலை, உள்துணியும் பாக்கெட்டும், வார் தைக்கப்பட்ட இடத்தின் குளோஸ்அப். கடைசிப் படத்தை விட்டுவிடாதீர்கள். வார் பிய்ந்துவிடுமோ என்பதுதான் துணிப்பை வாங்குபவரின் பெரிய பயம். பெட்டி போட்டுக் குறுக்கே தைத்த அந்தத் தையலைப் பார்த்தால் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

வெளிச்சம் ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழட்டும், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் துணியின் நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் விழும். "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று பை திரும்பி வருவது இதனால்தான். போன் லென்ஸைத் துடையுங்கள். திரையில் பையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டால் ஐந்து படத்திலும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும்.

அளவு (பிக்சலில்): படம் 1080×1350, ரீல்ஸும் ஸ்டோரியும் 1080×1920. ரீல்ஸில் கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் பட்டன்களும் கேப்ஷனும் மறைக்கும், அங்கே எழுத்து வைக்காதீர்கள். பலர் சத்தமில்லாமல்தான் பார்ப்பார்கள், அதனால் முக்கியமான விஷயம் திரையில் எழுத்தாக இருக்கட்டும். ஃபேஸ்புக் கவர் படம் கணினியிலும் போனிலும் வெவ்வேறு விதமாக வெட்டுப்படும். கடைப் பெயரை நட்டநடுவில் வையுங்கள்.

கேப்ஷனில் முதல் 125 எழுத்துக்குப் பக்கத்தில் மடிந்துவிடும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். "எங்கள் புதிய வரவு! அன்புடன் தைத்தது!" என்று ஆரம்பித்தால் அந்த இடம் வீண். இப்படி ஆரம்பியுங்கள்: "15 அங்குல லேப்டாப் நுழையும் தோள்பை. உள்ளே இரண்டு பாக்கெட், தண்ணீர் பாட்டிலுக்குத் தனி இடம். மெஷினில் துவைக்கலாம்." அடுத்த வரியில் விலை, அதற்கடுத்து எத்தனை பை கையிருப்பு, எப்படி ஆர்டர் செய்வது.

விலையை வெளிப்படையாகப் போடுங்கள். இன்பாக்ஸுக்கு வரச் சொன்னால் கூச்சப்படுபவர் நகர்ந்துவிடுவார். வருபவர்களிலும் பாதிப்பேர் விலை கேட்டதும் காணாமல் போவார்கள், அவர்களுக்குப் பதில் தட்டியே உங்கள் பொழுது போகும். விலை தெரிந்து வருபவர் வாங்கும் எண்ணத்தோடு வருபவர். அளவு சொல்லித் தைக்கிற பைக்கு மட்டும் "இதிலிருந்து தொடங்கும்" என்று போடலாம்.

வாரத்துக்கு இரண்டு ரீல்ஸ், ஒரு படத்தொகுப்பு போதும். கையிருப்பு, பார்சல் கட்டுவது எல்லாம் ஸ்டோரியில் போகட்டும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் "ஆர்டர் முறை", "அளவுகள்", "வாங்கியவர்கள் சொன்னது" என்பவற்றை, மறையாமல் புரொஃபைலிலேயே நிற்கும் ஹைலைட்டில் சேர்த்து வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னதை முடிக்காமல் விளம்பரத்துக்குப் பணம் போடாதீர்கள். விலை இல்லாத போஸ்ட்டுக்கு ஆள் கூட்டினால் கேள்விதான் கூடும்.

போட்டி பற்றி: தனிப்பட்ட டைம்லைனில் ஷேர் செய்வதையோ நண்பர்களை டேக் செய்வதையோ பரிசுக்கு நிபந்தனையாக வைக்கக்கூடாது என்பது ஃபேஸ்புக் பேஜ் விதி. "லைக் போடு, ஷேர் பண்ணு" என்று கெஞ்சும் போஸ்ட்டுகளை ஃபீடில் பின்னுக்குத் தள்ளும் ஏற்பாடும் 2017 கடைசியிலிருந்து நடப்பில் இருக்கிறது. "எந்த நிறம் அடுத்துத் தைக்கலாம், கமெண்டில் சொல்லுங்கள், ஒருவருக்குப் பை" என்று வையுங்கள். விதிக்குள் அடங்கும், அடுத்து எந்தத் துணி எடுப்பது என்ற யோசனையும் கிடைக்கும்.

பூஸ்ட் பட்டன் வேகமானது, ஆனால் கட்டுப்பாடு குறைவு. எதற்காக விளம்பரம் என்பதைக் கவனிக்காமல் அழுத்தினால் லைக் போடுபவர்களாகத் தேடிக் காட்டும். உங்களிடம் அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே! மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய் நோக்கத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். வெப்சைட் இல்லாதவருக்கு மெசேஜ் வரவழைக்கும் விளம்பரம் பொருந்தும். விளம்பரத்தைத் தட்டியதும் மெசஞ்சரோ இன்ஸ்டா டிஎம்மோ வாட்ஸ்அப்போ திறக்கும்.

ஐபோன் ஆப்பிலிருந்து பூஸ்ட் செய்தால் ஆப்பிள் தன் பங்காக 30 சதவீதம் சேர்த்து வாங்கும். 2024-இல் வந்த மாற்றம் இது. பிரவுசரில் உள்ளே போய்ச் செய்தால் அந்தக் கூடுதல் இல்லை.

விளம்பரக் கணக்கு தொடங்கும்போது கேட்கும் கரன்சியையும் நேர மண்டலத்தையும் கவனமாகக் கொடுங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் கிட்டத்தட்ட புதுக் கணக்குதான். பணம் செலுத்தும் பகுதியில் கணக்குக்கான செலவு உச்சவரம்பையும் போட்டுவிடுங்கள், மறந்துபோய் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரம் அதற்கு மேல் தின்னாது.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு மனக்கணக்கு போதும். துணி, நூல், ஜிப், கூலி, பார்சல் செலவு எல்லாம் போக ஒரு பையில் நிற்பது 100 என்று வையுங்கள். ஐந்து பேர் விசாரித்தால் ஒருவர் வாங்குகிறார் என்றால் ஒரு விசாரிப்புக்கு 20 வரை கொடுத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 20-க்குக் கீழே வந்தால்தான் விளம்பரம் உங்களுக்குச் சம்பாதிக்கிறது. விசாரிப்பு மலிவாக இருந்தும் ஆர்டர் ஆகவில்லை என்றால் சிக்கல் விளம்பரத்தில் இல்லை, பதில் சொல்லும் வேகத்திலோ விலையிலோ இருக்கிறது. அதனால் ஒரு நோட்டில் மூன்று எண்களை வாராவாரம் எழுதுங்கள்: செலவு, புதிதாக விசாரித்தவர், வாங்கியவர். லைக் கணக்கை எழுத வேண்டாம்.

ஒரே விளம்பரத்தைப் பத்துத் துண்டாக்கிப் பணத்தைப் பிரிக்காதீர்கள். ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே பட்ஜெட், ஒரே ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்பு) வாரத்தில் சுமார் 50 விசாரிப்பு கிடைத்தால்தான், யாருக்குக் காட்டினால் பலன் என்று அது கற்றுக்கொள்ளும் கட்டம் முடியும் என்பது மெட்டாவின் கணக்கு. சிறிய பட்ஜெட்டில் அது எட்டாது, பிரித்தால் இன்னும் தூரம் போகும். ஒரே ஆட் செட், அதற்குள் இரண்டு மூன்று வேறு வேறு படங்கள். பொருள் அனுப்ப முடிகிற இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், வயதையும் விருப்பங்களையும் ரொம்ப இறுக்காதீர்கள். தொடங்கிய மறுநாளே கையை வைத்துப் படம், பட்ஜெட் என்று மாற்றினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

நூல்கண்டு:

ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. இரவில் வரும் மெசேஜுக்குக் காலையில்தான் பதில் போகிறது, அதற்கு என்ன வழி? இன்னொன்று, "உங்கள் பேஜ் காப்புரிமை விதியை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த லிங்கில் முறையிடுங்கள்" என்று மெட்டா லோகோவோடு மெசேஜ் வருவதாகப் பலர் சொல்கிறார்கள். அது உண்மையா?

பூட்டுசாவி:

உண்மையில்லை, பேஜைத் திருடும் வலை. மெட்டாவின் விதிமீறல் அறிவிப்பு சாதாரண இன்பாக்ஸில் வாடிக்கையாளர் மெசேஜ் மாதிரி வராது. சந்தேகமாக இருந்தால் மெசேஜில் உள்ள லிங்கைத் தொடாமல், நீங்களே பேஜைத் திறந்து பேஜ் நிலைப் பகுதியைப் பாருங்கள். மீறல் இருந்தால் அங்கே இருக்கும். லிங்கில் போய் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்துவிட்டால் சில நிமிடத்தில் உங்களை வெளியேற்றிவிட்டு, உங்கள் விளம்பரக் கணக்கில் இருக்கும் கார்டில் அவர்கள் விளம்பரம் ஓட்டுவார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடுங்கள், எஸ்எம்எஸ்ஸைவிட அந்தக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் பாதுகாப்பு. அப்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே வர அதுதான் வழி. பேஜுக்கு முழு அதிகாரம் உள்ளவர் நீங்கள் ஒருவரே என்று இருக்கக்கூடாது. உங்கள் ஐடி முடங்கினால் பேஜுக்குள் நுழையவே ஆள் இல்லாமல் போகும், நம்பிக்கையான இன்னொருவரையும் சேருங்கள். உதவிக்கு வருபவர்களுக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், அவர்கள் ஐடிக்கு மெசேஜ் பதில் மட்டும், விளம்பரம் மட்டும் என்று பிரித்து அனுமதி கொடுக்கலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இரவு மெசேஜுக்கு: பிசினஸ் சூட்டில் தானியங்கிப் பதில் வையுங்கள். வெறும் "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்" வேண்டாம். "காலை 9 மணிக்குப் பதில் சொல்கிறோம். பையின் படம், நிறம், அனுப்ப வேண்டிய ஊர், மூன்றையும் இப்போதே அனுப்பி வைத்தால் காலையில் முதல் பதிலிலேயே மொத்தத் தொகையைச் சொல்லிவிடலாம்" என்று எழுதுங்கள். மூன்று முறை போய் வரவேண்டிய பேச்சு ஒன்றில் முடியும். ஆள் ஆறிப்போவது அந்த இடைவெளியில்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். அதில் உள்ள பொருள் பட்டியலான கேட்டலாகில் பைகளை விலையோடு ஏற்றலாம். அடிக்கடி சொல்லும் பதில்களை ஒரு குறுக்குச் சொல் தட்டினால் வரும்படி சேமிக்கலாம். "விசாரித்தார்", "பணம் வரவேண்டும்", "அனுப்பியாச்சு" என்று லேபிள் ஒட்டினால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் "புதுப் பைகளின் படம் வேண்டுமானால் இந்த நம்பரை இந்தப் பெயரில் சேமித்துவிட்டு ஒரு ஹாய் அனுப்புங்கள்" என்று அச்சடித்துவிடுங்கள். கேட்காதவர்களைச் சேர்க்காதீர்கள். நாலு பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் நம்பரே முடங்கும்.

ஜன்னலோரம்:

ஒன்று விட்டுப்போச்சு. பேஜ் தொடங்கியதும் "ஆயிரம் ஃபாலோயர் தருகிறோம்" என்று ஆட்கள் வருவார்கள். வாங்காதீர்கள். புதுப் போஸ்ட் முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டப்பட்டு, அவர்கள் நின்று பார்க்கிறார்களா என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு பரவும். காசுக்கு வந்த போலிக் கணக்குகள் எதையும் பார்ப்பதில்லை. அவர்கள் நிறைந்த பேஜில் உண்மையான வாடிக்கையாளருக்குப் போஸ்ட் போய்ச் சேருவதும் குறையும். பிறகு அவர்களை ஒவ்வொருவராக நீக்குவது பெரும்பாடு. அதற்குப் பதில், பை வாங்கியவர் எடுத்த படத்தை அனுமதி கேட்டு, அவர் பெயரை டேக் செய்து போடுங்கள். அனுமதியை டிஎம்மில் எழுத்தாக வாங்கி வையுங்கள், அதே படத்தை நாளைக்கு விளம்பரத்தில் பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.