புதுப்பிப்பு: 14 லேஅவுட்டுகளும் ஒரே பிடிஎஃப் கோப்பாக வந்துவிட்டன

ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளில் செய்த வரைபடத்தில் உள்ள 14 லேஅவுட்டுகள் (அச்சிடுவதற்கான தாள் அமைப்புகள்), பல தாள்களை ஒன்றாக வெளியிடும் பப்ளிஷ் கட்டளையில் 14 தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாகவே வெளிவருகின்றன என்று சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். சிக்கல் தீர்ந்தது, தவறு என்னுடையதுதான்.

பப்ளிஷ் பெட்டியின் மேற்பகுதியில், எங்கே வெளியிடுவது என்ற இடத்தில், பேஜ் செட்டப்பில் (தாளின் அச்சு அமைப்பில்) குறித்துள்ள பிளாட்டருக்கு, அதாவது அச்சுக்கருவிக்கு, அனுப்பும்படி விட்டிருந்தேன். அப்படி விட்டால், அந்தப் பிளாட்டர் பிடிஎஃப் உருவாக்குவதாகவே இருந்தாலும், ஒவ்வொரு தாளையும் தனி அச்சுவேலையாகக் கருதித் தனிக் கோப்பாகத்தான் எழுதும். அங்கே பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுத்து, பப்ளிஷ் ஆப்ஷன்ஸ் பகுதியில் மல்டி-ஷீட் ஃபைல் (பல தாள்கள் கொண்ட ஒரே கோப்பு) என்று மாற்றியதும் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கின. பட்டியலில் தாள்கள் நிற்கும் வரிசையே பக்க வரிசை என்பதால், அடித்தளத் திட்டத்துக்கு முன்னால் வந்து நின்ற கழிவுநீர்க் குழாய் விவரத்தைக் கீழே நகர்த்தினேன். தேவையற்ற மாடல் தாளையும் (வரைபடம் வரையும் மாடல் பகுதிக்கானது) நீக்கிவிட்டு, அடுத்த திருத்தத்தின்போது மறுபடி அடுக்க வேண்டாம் என்பதற்காகப் பட்டியலை டிஎஸ்டி (.dsd) கோப்பாகச் சேமித்துக்கொண்டேன்.

ஒரு சிறு தொல்லை மிஞ்சியது. அளவுக்குறிப்புகள் எஸ்எச்எக்ஸ் (SHX) என்னும் ஆட்டோகேட் எழுத்துருவில் இருந்ததால், பிடிஎஃபைத் திறந்தபோது அவை ஒவ்வொன்றும் கருத்துரையாகப் பக்கவாட்டில் குவிந்து நின்றன. பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் (PDFSHX) என்னும் ஆட்டோகேட் அமைப்பு மாறியின் மதிப்பை 0 ஆக்கி மீண்டும் வெளியிட்டதும் அவை மறைந்தன. ஆனால் அந்த எழுத்துகளைப் பிடிஎஃபில் இனித் தேட முடியாது, எனக்கு அது பொருட்டில்லை.