கின்சுகி: தங்கப்பொடி மங்கிப்போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். நான்காக உடைந்த தேநீர்க் கிண்ணத்தைக் கின்சுகி முறையில், அதாவது உடைந்ததை ஒட்டி ஒட்டுக்கோட்டில் தங்கப்பொடி தூவும் ஜப்பானிய முறையில், அசல் உருஷி (ஒரு மரத்தின் பால்) அரக்கால் ஒட்டுகிறோம். கடைசிக் கட்டத்தில் தங்கப்பொடி, ஒட்டின்மேல் இழுத்த உருஷிக் கோட்டுக்குள் மூழ்கி மங்குகிறது. கோடு தடித்த இடங்களில் மேல்தோல் சுருங்கியும் விடுகிறது.

இதுவரை: மைதாவைத் தண்ணீரில் காது மடல் பதத்துக்குப் பிசைந்து, சம அளவு பச்சை (பதப்படுத்தாத) உருஷி கலந்து ஒட்டி, 3 வாரம் ஈரப்பெட்டியில் வைத்தாயிற்று. சில்லு போன இடத்தை டொனோகோ களிமண்பொடி கலந்த சாபி உருஷியால் நிரப்பினோம். 1000 நம்பர் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, கறுப்பு உருஷி இரண்டு பூச்சு. அதன்மேல் சிவப்பு உருஷிக் கோடு, 30 நிமிடம் கழித்துத் தங்கப்பொடி.

உருஷி காய்வது ஈரக்காற்றில்தான் என்பதால் பெட்டியில் 24 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம். இதுவே அதிகமோ என்று சந்தேகம். வேகமாகக் காய்ந்தால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாக நின்று சுருங்கும். பொடி மூழ்குவதோ கோடு ஈரமாக இருக்கும்போதே தூவுவதால். இரண்டுக்கும் மூலம் கோட்டின் தடிமன்தான் என்று நினைக்கிறோம்.

கேள்விகள்: சிவப்புக் கோட்டைப் பட்டுத்துணியால் ஒற்றி மெலிதாக்கலாமா? மிக நுண்ணிய தங்கப்பொடியான கெஷி பொடியைத் தூவ எத்தனை நிமிடம் பொறுக்கிறீர்கள்? சுருங்கிய இடத்தை மட்டும் சுரண்டினால் போதுமா, கோடு முழுவதையும் எடுக்க வேண்டுமா?

எபாக்ஸி (செயற்கைப் பசை) யோசனை வேண்டாம். இதில் தேநீர் குடிக்க வேண்டும். பதில் பார்த்துச் செய்பவர்கள் கையுறை போடுங்கள், பச்சை உருஷி தோலில் பட்டால் கடுமையாகத் தடித்து அரிக்கும்.