ஃப்ரிட்ஜ் கேஸ் காத்தவிட கனம், அப்புறம் எப்படி ஓசோன் வரைக்கும் போச்சு?

கேத்திக்காரன்: பழைய ஃப்ரிட்ஜ்ல இருந்த சிஎஃப்சி கேஸ்தான் ஓசோன கெடுத்துச்சுன்னு ஸ்கூல்ல இருந்தே சொல்றாங்க, அது காத்தவிட நாலு மடங்கு கனம்ங்க, லீக் ஆனா தரையோட கெடக்கும், 20 கிலோமீட்டர் எப்படி ஏறும்? நம்பற மாதிரியே இல்ல.

பண்ணைக்காடு: ரூமுக்குள்ள லீக் ஆனா கொஞ்ச நேரம் கெடக்கும், வெளிய காத்து கலக்கிட்டே இருக்கு பாஸ். கார்பன் டை ஆக்சைடும்தான் காத்தவிட ஒன்றரை மடங்கு கனம், உங்க கணக்குப்படி அது பூரா மேட்டுப்பாளையத்துலயே தேங்கி நிக்கணும், குன்னூர்ல ஒரு தேயிலைச்செடி வளராது. எடை பாத்து பிரியறதெல்லாம் 100 கிமீக்கு மேலதான்.

கேத்திக்காரன்: கலக்குதுன்னு ஈசியா சொல்லிட்டீங்க. ஜனவரில கேத்தி பள்ளத்தாக்கு வந்து பாருங்க, ராத்திரி உறைபனி விழுந்திருக்கும், காலைல டீ ஃபேக்டரி புகை கொஞ்சம் ஏறும், அப்புறம் மட்டமா படுத்து அப்படியே நீளும், வெயில் ஏறற வரைக்கும் மேல போகாது, ஏன்னா கீழ குளிர் மேல சூடு. ஓசோன் இருக்கற அடுக்கு, அதான் ஸ்ட்ரட்டோஸ்பியர், அதுவும் மேல போகப்போக சூடுதானே? அப்ப அது மூடிங்க.

பண்ணைக்காடு: சரியான பாயிண்ட். மூடிதான், ஆனா ஒழுகுது. நம்ம தலைக்கு மேல 17 கிமீ கிட்ட, ஸ்ட்ரட்டோஸ்பியர் தொடங்கற எல்லைய தாண்டி காத்து மெதுவா ஊறிட்டே போகுது, மாசத்துக்கு ஒரு கிலோமீட்டர் தேறாது, அப்புறம் துருவம் பக்கம் போய் எறங்க வருஷக்கணக்காகும். பழைய ஃப்ரிட்ஜ்ல இருந்த சிஎஃப்சி-12க்கு ஆயுசு 100 வருஷம் கிட்ட, அதுக்கென்ன அவசரம். ப்ரூவர்னு ஒரு விஞ்ஞானி 1949ல இத புடிச்சாரு, இங்கிலாந்துக்கு மேல ஸ்ட்ரட்டோஸ்பியர் காத்து அநியாயத்துக்கு காஞ்சு கெடந்துச்சு, மைனஸ் 80 டிகிரி கிட்ட இருக்கற நம்ம வெப்பமண்டல எல்லை வழியா வந்தாதான் ஈரமெல்லாம் பனியா உதிர்ந்து அவ்ளோ காயும்.

கேத்திக்காரன்: அப்ப ஊட்டி வெயில் இப்படி சுடறது?

பண்ணைக்காடு: 2200 மீட்டர் ஒசரம், மேல காத்து கம்மி. ஓசோன் ஓட்டை அண்டார்டிகால, அத இங்க இழுக்காதீங்க. நம்ம பக்கம் ஓசோன் கொஞ்சம் கம்மிதான், ஆனா அதிகமா உருவாகறதே இங்கதான், சொன்ன அந்த ஓட்டம் துருவத்துக்கு தள்ளிட்டு போயிடுது.

குந்தா_மழை: ரெண்டு பேரும் இடிமேகத்த மறந்துட்டீங்க. ஒரு மணி நேரத்துல தூக்கிட்டு போயிடும், இவரு மாசக்கணக்கு சொல்றாரு.

பண்ணைக்காடு: தூக்கும், பெரும்பாலும் 12, 13 கிமீல நின்னுடும். மிச்ச தூரம் மெதுவாதான்.

குந்தா_மழை: பருவமழை சமயத்துல திபெத் பக்கம் 16 கிமீ ஒசரத்துல பெரிய சுழல் நிக்குதே, கீழருந்து போன கார்பன் மோனாக்சைடு அதுக்குள்ள மாட்டியிருக்கறது சாட்டிலைட்லயே தெரியுது. அத சேக்காம ஊறுது ஊறுதுன்னா அரைக் கதைதான் தலைவரே.