எங்கள் பெண்கள் கூட்டத்தில் ஆண்களையும் சேர்க்கணுமா?

தக்கலைக்காரி:
மார்த்தாண்டத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் பெண்கள் மட்டும் கூடிப் பேசுகிறோம். இப்போது ஒரு அக்காவின் வீட்டுக்காரர், நல்ல மனுஷன்தான், ஓரமா உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்கிறார். பாதிப் பேர் சரி என்கிறார்கள், எனக்குத்தான் இடிக்கிறது. போன மாதம் ஒருத்தியைக் கூட்டிப்போக வந்த அவள் அண்ணன் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார். 'சீதனம் தந்தாச்சு, இனி சொத்தில் பங்கு கேட்காதே' என்று வீட்டில் சொல்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இன்னொரு அக்கா, டக்கென்று சீட்டுப் பணத்துக்குப் பேச்சை மாற்றிவிட்டார். அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஆண்களையே ஒதுக்குகிற கூட்டமாகிவிடுவோமா?

வடசேரி வாசகி:
இதுக்குப் போய் அவ்வளவு பெரிய பேரா! 1971இல் வாஷிங்டனில் ஃப்யூரீஸ் என்ற பெண்கள் குழு சேர்ந்து குடியிருந்து, ஆண்களோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று வாழ்ந்து பார்த்தது, அடுத்த வருஷமே உடைந்தது. அதுதான் அசல் பிரிவினை. அமெரிக்கப் பெண்ணியத் தத்துவவாதி மர்லின் ஃப்ரை 1977இல் சொன்னது நமக்கு இன்னும் உதவும்: யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய முடிவதே அதிகாரம், எஜமானுக்குக் குடிசைக் கதவைச் சாத்துகிறவள் அதற்கப்புறம் அடிமை இல்லை. தீட்டு என்று வீட்டுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார்களே, அதுவும் பெண்கள் மட்டும் இருந்த இடம்தான், ஆனால் முடிவு அவளுடையது இல்லை. எல்லா இடத்திலும் கதவு சாத்தணும் என்றும் இல்லை. மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்கு இருமுடி கட்டிப் போகிறோம், ஆண்களும் வருகிறார்கள், அங்கே யாருக்கும் பேச்சு அடைபடுவதில்லை.

குளச்சல்காரன்:
தப்பா எடுக்காதீங்க. பங்கு தரவேண்டியது அண்ணன்தம்பிதானே, அவனை வாசலில் நிறுத்திவிட்டுப் பேசி என்ன கிடைக்கும்? 'ஆண்கள் மட்டும்' என்று நாங்கள் போர்டு வைத்தால் சும்மா இருப்பீங்களா?

வடசேரி வாசகி:
போர்டு இல்லாமலே டீக்கடை பெஞ்சும் ஊர்க் கமிட்டியும் அப்படித்தானே ஓடுது அண்ணே. திருவிதாங்கூரின் 1916 கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. கேரளத்தின் மேரி ராய் வழக்குப் போட்டு, அந்தச் சட்டம் 1951 முதலே செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் சீதனக் கணக்கு இங்கே போகவில்லை. அண்ணனிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவன் முகத்தைப் பார்க்காமல் யோசிக்க அவளுக்கு ஒரு இடம் வேண்டாமா?

கல்குளம் தங்கச்சி:
மாடிக்குள்ளே எல்லாரும் ஒன்றா என்பதையும் பாருங்கக்கா. அமெரிக்காவில் கோம்பாஹீ ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவினர் 1977 அறிக்கையில் இந்தப் பிரிவினை எங்களுக்கு ஒத்துவராது என்றார்கள். நிறவெறிக்கு எதிராக எங்கள் ஆண்களோடு நிற்கிறோம், ஆணாதிக்கத்துக்காக அவர்களோடேயே சண்டையும் போடுகிறோம் என்பது அவர்கள் நிலை. நம்ம தோள்சீலைப் போராட்டத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைக்க 1859இல் கிடைத்த அனுமதிகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. எந்தப் பெண்கள் மட்டும் என்று கேட்கவேண்டிய ஊர் இது. உங்கள் மாடியில் நாற்காலி யாருக்கு, பாய் யாருக்கு? டீ கிளாஸ் கழுவுவது யார்?

தக்கலைக்காரி:
கிளாஸ் முறைவைத்துத்தான் கழுவுகிறோம். நாற்காலி விஷயத்தில் நீ சொல்வது இருக்கிறது, இந்த ஞாயிறே கூட்டத்தில் பேச்சை எடுக்கிறேன். அந்த அக்கா வீட்டுக்காரருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லப்போகிறேன். சொத்து விஷயமாக வக்கீலைக் கூப்பிடும் அன்றைக்கு மட்டும் அண்ணன்தம்பிகளும் வரட்டும், குளச்சல் அண்ணே நீங்களும் வாங்க. நாகர்கோவிலில் பாகப்பிரிவினை கேஸ் நடத்துகிற பெண் வக்கீல் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க.