சார்ட்டில் எல்லோருக்கும் மூச்சு 20: வார்டில் பாடம் எடுப்பவர்களே, உங்கள் அனுபவம்?

வார்டு_டீச்சர்:
இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவிகளைப் பொது மருத்துவ வார்டுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சார்ட்டை எடுத்தால், எண்ணிப் பார்க்காமலே எல்லோருக்கும் மூச்சு நிமிஷத்துக்கு 20. நிமோனியாவுக்கும் 20, நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. அதை விடுங்கள், என்னை அரிப்பது வேறு.

சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி ஒருவர். ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் வென்சுரி மாஸ்க்கில் 28 சதவீத ஆக்சிஜன், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 89 சதவீதம். மாணவி அந்த 89-ஐப் பார்த்துப் பயந்துபோய், சாதாரண மாஸ்க்கை மாட்டி ஃப்ளோவை ஏற்றிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து "மேடம், 98 வந்துடுச்சு" என்று முகமெல்லாம் சந்தோஷமாக வந்து நின்றாள். போய்ப் பார்த்தால் அவருக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. "தலை வலிக்குதும்மா, தூக்கமா வருது" என்றார். உள்ளங்கை சூடாக இருந்தது. மூச்சை எண்ணினேன், 10. பழைய மாஸ்க்கை மாட்டி, டாக்டரைக் கூப்பிட்டு, ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுச் சோதனை) எடுத்து... ஆள் தேறிவிட்டார்.

ஆனால் அவள் மானிட்டரைக் காட்டி, "98 நல்லதுதானே மேடம்?" என்று கேட்டாளே, அதுதான் போகமாட்டேன் என்கிறது. இந்த நோயாளிகளுக்கு 88 முதல் 92 வரை போதும், ஆக்சிஜன் கூடினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும் என்று பரீட்சையில் சரியாக எழுதியவள் அவள்.

நைட்_டியூட்டி:
மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டிலின் சார்ட்டில் டார்கெட், அதாவது அவருக்கு எவ்வளவு சாச்சுரேஷன் போதும் என்று எழுதியிருந்ததா? அதைச் சொல்லாமல் மாணவியை மட்டும் சொன்னால் எப்படி? பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் திருத்திய நியூஸ்2 சார்ட்டை, நோயாளி மோசமாகிறாரா என்று மதிப்பெண் போட்டுக் காட்டுவதை, எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அளவுகோலில் 89-க்கு 3 மதிப்பெண், அதாவது சிவப்பு. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளிகளுக்கு இரண்டாவது அளவுகோல் இருக்கிறது. அதில் 88 முதல் 92 வரை பூஜ்யம். ஆக்சிஜன் ஓடும்போது 97-ஐத் தொட்டால் அதற்குத்தான் 3! எந்த அளவுகோல் என்று டாக்டர் குறித்துவைக்காவிட்டால், பயப்படு என்றுதான் சார்ட்டே அவளுக்குச் சொல்லும்.

என் கதை சின்னது. சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒருவரைப் பற்றி ஒரு மாணவன், "சிஸ்டர், இவர் சாயங்காலம் பேசின மாதிரி பேசலை" என்றான். பி.பி. நன்றாகத்தான் இருந்தது, காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் மூச்சு மட்டும் 26, அதிகம். விடிவதற்குள் அவர் ஐ.சி.யூ.வில் இருந்தார். அந்தப் பையனுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அவன் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தான், அவ்வளவுதான்.

மூன்றாம்_வருஷம்:
நான் படிக்கிறவள், எழுதலாமா தெரியவில்லை. சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போவது) நோயாளி ஒருவர் எனக்குக் கேஸ். லாக்டுலோஸ் குடித்தால் வயிறு போகிறது என்று வேண்டாம் என்பார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போய், மூளையைக் குழப்பும் நச்சு வெளியேறத்தான் அந்த மருந்தே என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல. ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மேடம் வந்து, "கையை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிங்க ஐயா" என்றார்கள். இரண்டு கையும் தொப்பென்று விழுந்து விழுந்து எழுந்தன. ஃபிளாப்பிங் ட்ரெமர் என்று எத்தனையோ தடவை மனப்பாடம் செய்திருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அவரோ என்னைப் பார்த்து, "பரீட்சையாம்மா?" என்று சிரித்தார்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். மூச்சை எண்ணுவதை நோயாளியிடம் சொல்லிவிட்டு எண்ணவே கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்தபடி, நெஞ்சைப் பார்த்து முழு நிமிஷம் எண்ணச் சொல்லுங்கள். அப்புறம், கட்டில் பக்கத்தில் நின்று "டயக்னோசிஸ் என்ன?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "என்ன பார்த்தாய்? காலையில் இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது?" என்று கேளுங்கள். டாக்டருக்குப் போன் செய்வதையும் பழக்க வேண்டும்: நிலைமை, பின்னணி, நான் கண்டது, எனக்கு என்ன வேண்டும். நம்மை வைத்தே ஒத்திகை பார்க்கட்டும். இதய செயலிழப்பு நோயாளியைத் தினமும் அதே தராசில், காலையில், சிறுநீர் கழித்த பிறகு எடை பார்க்க வேண்டும். இதய மருந்தான டிஜாக்சின் கொடுக்குமுன் நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஒரு நிமிஷம் துடிப்பை எண்ண வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சோதனை செய்யாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது. முக்கியமாக, ஒரு மாணவிக்கு ஒரு நோயாளிதான்.

என் அனுபவம் என்று கேட்டால், டயாலிசிஸ் நோயாளியின் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கும் கையில் பி.பி. கஃப்பைச் சுற்றப் போன மாணவியை அந்த நோயாளியே தடுத்து, "இந்தக் கைதாம்மா என் உயிரு" என்றார்.

நைட்_டியூட்டி:
சார், அந்தக் கடைசி வரிக்காக நீங்கள் தனியாகவே எழுதியிருக்கலாம். ஒரு மாணவிக்கு ஒரு நோயாளி என்பதுதான் இடிக்கிறது. ஒரே ஆளோடு பழகியவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வார்டு முழுவதையும் பார்த்து அரண்டுபோகிறாள். அதில் யாரை முதலில் பார்ப்பது என்பதை எப்போது கற்றுக்கொள்வாள்?

மூன்றாம்_வருஷம்:
சார், முழு நிமிஷம் எண்ணினால் "இன்னுமா முடியலை?" என்று ஸ்டாஃப் திட்டுகிறார்களே!

வார்டு_டீச்சர்:
நைட்_டியூட்டி, போய்ப் பார்த்தேன். டார்கெட் எழுதவில்லைதான். அந்தக் கட்டிலில் மட்டுமில்லை, ஆக்சிஜன் ஓடுகிற முக்கால்வாசிக் கட்டில்களில் இல்லை. இப்போது எழுதாத இடத்தில் மாணவிகளே டியூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். முதலில் போய்க் கேட்டவள் அந்த 98 மாணவிதான். "இதையெல்லாம் நீ கேட்பியா?" என்று எரிந்து விழுந்தாராம். அப்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.